அடியில் இருந்த ஈரம்

இந்த வருடம் இன்ஜினியரிங் சேர்ந்த அன்புப் பிள்ளைகளே! "சீனியர் ரெக்கார்டைப் பார்த்து எழுதினால் ஹராமா ஹஜ்ரத்?" என்று கேட்கிறீர்கள்.

மதீனா கடைவீதியில் நபி (ஸல்) அவர்கள் தானியக் குவியலுக்குள் கைவிட்டார்கள். மேலே காய்ந்திருந்தது, அடியில் ஈரம். மழையில் நனைந்தது வியாபாரியின் குற்றமல்ல. அடியில் மறைத்ததைத்தான் கண்டித்தார்கள். ஆம்பூரில் தோல் தரம் பிரிக்கும் உங்கள் வாப்பாக்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பரிசோதனை சரியாக வராதது குற்றமல்ல. செய்யாமலே ரீடிங் எழுதுகிறீர்களே, அது அந்த ஈரம்.

2017 அண்ணா பல்கலைக்கழக மறுமதிப்பீட்டில் பணத்துக்கு மார்க் போட்டதாக, 2018இல் லஞ்ச ஒழிப்புத் துறை வழக்குப் பதிந்தது. விண்ணப்பித்தவர்கள் 3 லட்சத்துக்கும் மேல். நேர்மையாகப் பாஸானவனின் மார்க்கையும் சந்தேகமாகப் பார்த்தார்கள். அவனுடைய ஹக்குக்கு யார் பதில் சொல்வது?

"காப்பியடித்து வாங்கிய டிகிரியில் வரும் சம்பளம்?" வேலையைத் தெரிந்து ஒழுங்காகச் செய்தால் சம்பளம் ஹலால், பாவத்துக்குத் தவ்பா தனி என்கிறார்கள் உலமாக்கள் பலர். தெரியாமல் செய்தால்? 2015 ஜனவரி 31இல் ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுநீர்த் தொட்டி இடிந்து, பக்கத்துத் தோல் ஆலையில் தூங்கிய 10 தொழிலாளர்கள் மவுத்தானார்கள். அப்படியொரு தொட்டிக்கு நாளை கையெழுத்துப் போடப்போவது உங்களில் ஒருவர்.