இளமையின் பங்கு

திடகாத்திரமான இளைஞன் ஒரு முதியவரின் வைத்தியச் செலவில் பங்கு கொடுப்பது நியாயமா? 2010-ல் அமெரிக்கா இயற்றிய சட்டம் 'ஆம்' என்றது. தனியாக மருத்துவக் காப்பீடு வாங்கும் 64 வயதுக்காரரிடம், 21 வயதுக்காரர் கட்டுவதைப் போல் மூன்று மடங்குக்கு மேல் பிரிமியம் வாங்கக் கூடாது என்று விதித்தது. முதியவருக்கு ஆகும் செலவோ அதற்கும் மேலே. மிச்சம் இளைஞன் தலையில்தான் விழுகிறது. 'இளமைக்கு அபராதமா?' என்று அவன் முணுமுணுக்கிறான். நோயற்றவர்கள் விலகிவிட்டால் மற்றவர்களின் சுமை இன்னும் ஏறும்.

ஏழையும் பணக்காரனும் இரண்டு மனிதர்கள். இளைஞனும் கிழவனும் ஒரே மனிதனின் இரண்டு பருவங்கள் அல்லவா? இன்று கொடுக்கிறவன் நாளை பெறுகிறான். சரி, முதுமையைக் காணாமலே போய்விடுகிறவன்? அவன் கொடுத்ததைத்தான் நான் தானம் என்பேன். மற்றவர்கள் கொடுத்தது வெறும் சேமிப்பு.