மிளகாய்க்குத் திறந்த கதவு

மாற்றலாகி வந்த ஊரில், ஒற்றை அறையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டாட்டா ஸோங் செய்தேன். வேகவைத்த உருளைக்கிழங்கு, வதக்கிய வெங்காயம், வற்றல் மிளகாயும் புளியும் சேர்த்து அரைத்த விழுது, தேங்காயெண்ணெய். அவ்வளவுதான். மட்டாஞ்சேரியில் பிறந்த அம்மா சென்னை வாடகை வீட்டில் அடிக்கடி செய்தது. அம்மா இன்றில்லை. கொங்கணி எனக்குக் கேட்டால் புரியும். யோசிப்பதும் எழுதுவதும் தமிழில்தான். மரபு என்று மிஞ்சியது இந்த நாக்கு மட்டுமே என்ற எண்ணத்தில் அடுப்பைப் பற்றவைத்தேன்.

ருசி சரியாகவே வந்தது. சங்கடம் அதற்குப் பிறகு.

1510இல் போர்த்துகீசியர் கோவாவைப் பிடித்தார்கள். 1560இல் அங்கே மதவிசாரணை மன்றம் வந்தது. கோயில்களை இழந்து தெற்கே நகர்ந்த கொங்கணிகளில் ஒரு பகுதியினர் கொச்சி ராஜாவின் மண்ணில் தங்கினார்கள். அம்மாவின் முன்னோர் அவர்களே என்பது வீட்டில் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்ட கதை. ஆனால் என் தட்டில் இருந்தது என்ன? மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். போர்த்துகீசியர் வழியாக வந்தது. உருளைக்கிழங்கும் அந்தக் கண்டத்ததே. பட்டாட்டா என்ற சொல்லே போர்த்துகீசியரிடம் பெற்றது. வருஷப் பிறப்பன்று செய்யும் இளம் முந்திரிக் கறியும் அப்படியே. முந்திரிக்குப் பூர்வீகம் பிரேசில். கொங்கணியில் அதற்குப் பிப்போ என்று பெயர். அதற்கு முன் அது சேராங்கொட்டையின் பெயர். புதிதாக வந்ததற்கு வீட்டிலிருந்த பெயரையே கொடுத்துச் சேர்த்துக்கொண்டார்கள்.

யாரிடமிருந்து தப்பி ஓடினார்களோ அவர்கள் கொண்டுவந்தது இல்லாமல் அந்தச் சமையல் இல்லை. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கலப்பற்ற மரபைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கு இந்தக் கிண்ணத்தைக் காட்டலாம். இத்தோடு நிறுத்திக்கொண்டால் எனக்குச் சௌகரியம்.

ஆனால் அம்மாவின் அடுக்களையை நினைத்தால் கூடவே குழாயடியும் நினைவுக்கு வருகிறது. பாத்திரம் தேய்க்க வந்த அம்மாள் அங்கேதான் நிற்பாள். இதே ஸோங்கை அவளுக்கென்று ஒதுக்கிய அலுமினியக் கிண்ணத்தில், கை படாமல், உயரத்திலிருந்து விடுவார்கள். அவள் தேய்த்த பாத்திரங்கள் தண்ணீர் தெளித்த பிறகே உள்ளே போகும். அவள் உள்ளே வந்ததில்லை. பிரேசில் கொட்டைக்கு இல்லாத தீட்டு அடுத்த தெருக்காரிக்கு இருந்தது. நான்தான் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போவேன். எனக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை.

சாப்பாட்டில் பழைய பகை கரைந்துவிடுகிறது என்று சொல்வதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பகை கரைய வேண்டுமானால், யார் யாருக்கு என்ன செய்தார்கள் என்ற பிரக்ஞை வேண்டும். நாக்குக்கு அது கிடையாது. நாக்கு மறக்கிறது, அவ்வளவுதான். மிளகாயைச் சொந்தமாக்கியதும் அந்த மறதிதான். குழாயடியை என் ஞாபகத்தின் ஓரத்துக்குத் தள்ளியதும் அதுதான். மூதாதையரின் ருசியைத் தேடிப் போகிறவன் அவர்களுடைய வாசற்படியையும் சேர்த்தே பெறுகிறான். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பிக் கொடுக்க வழியில்லை.

அடுத்த ஞாயிறும் செய்வேன். எத்தனை மிளகாய், எவ்வளவு புளி என்பது கைக்குத் தெரிந்துவிட்டது. எட்டு வருஷம் எங்கள் வீட்டுக்கு வந்தவளின் பெயர் எனக்குத் தெரியாது. கேட்பதற்கு அம்மாவும் இல்லை.