வண்டியைக் கண்டு தீர்ப்பிடலாமோ?

நெல்லை கொக்கிரகுளத்திலே, சுலோச்சன முதலியார் பாலத்தின்மீது பழைய யமஹா ஆர்.எக்ஸ். 100 வண்டியில் இளைஞன் ஒருவன் விரைகிறான். மாற்றிப் பொருத்திய சைலன்சரின் ஓசை தாமிரபரணியின் இரு கரையிலும் கேட்கிறது. 'உருப்படாதவன்' என்கிறோம். அதே வேகத்தில் விலையுயர்ந்த கார் ஒன்று கடந்தால், 'ஏதோ அவசரம் போலும்' என்கிறோம். வேகம் ஒன்றே, வண்டியின் விலைதான் தீர்ப்பை மாற்றுகிறது.

வேகத்திற்காக நாம் வாதாடவில்லை. வேகமோகத்தால் பிறர் உயிருக்கு ஆபத்து விளைவிப்போர் பெருங்குற்றத்திற்கு உள்ளாகின்றனர் என்று 1992-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் (எண் 2290) கூறுகிறது. தயாரிப்பாளர் தந்த அமைப்பை விருப்பம்போல் மாற்றலாகாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. ஆயினும், போதிய ஆதாரமின்றிப் பிறரிடம் ஒழுக்கக்கேடு உண்டென்று மனத்துக்குள் கருதுவதும் குற்றமே என்கிறது அதே நூல் (எண் 2477). செயலைக் கண்டிப்பது நீதி. வண்டியைக் கொண்டு ஆளை அளப்பது அநீதி.

அவ்வண்டியின் உற்பத்தி 1996-இல் நின்றுபோயிற்று. அதனை இன்றளவும் ஓடச் செய்வதற்குப் பொறுமையும் கைத்திறனும் வேண்டும். தன் உழைப்பில் அவன் வாங்கிய முதல் உடைமையாகவும் அது இருக்கலாம்.

தீயவனை நல்லவனென்று எண்ணிப் பலமுறை ஏமாறுவது, நல்லவனைத் தீயவனென்று எண்ணிச் சிலமுறை தவறுவதினும் மேல் என்பது புனித தோமா அக்குவினாரின் போதனை. பின்னதில்தான் பிறனொருவனுக்கு அநீதி நேர்கிறது.

நாசரேத்தூர் என்றதும் நத்தனியேல் ஐயுற்றார். ஆயினும் வந்து பார்க்க மறுக்கவில்லை. நாமும் நம் பங்கு இளைஞரை அணுகி, பெயர் கேட்டு, அறிந்துகொள்வோம். அதன்பின் கண்டிக்க வேண்டியதைக் கண்டிப்போம். தம்மை அறிந்தவர் சொல்லுக்கே அவர்கள் செவிசாய்ப்பர்.