வேடிக்கையும் அதிசயமும்

மாசி 20 அய்யா வைகுண்ட அவதாரத் திருநாளையொட்டி, திருவனந்தபுரத்திலிருந்தும் திருச்செந்தூரிலிருந்தும் வாகன ஊர்வலங்கள் நாகர்கோவில் வந்து சேர்கின்றன. திருவனந்தபுரம் போகும் அன்புக்கொடி மக்களில் சிலர், பிள்ளைகுட்டிகளோடு நகரத்தையும் சுற்றிப் பார்த்து வருவார்கள். "அய்யா காரியமாகப் போய்விட்டு வேடிக்கை பார்க்கலாமா?" என்று பெரியவர்கள் கேட்பதுண்டு. கேட்க வேண்டிய கேள்விதான்.

அந்த நகரத்தில் பார்க்க நிறைய உண்டு. பத்மநாபசுவாமி கோயிலுக்கு எதிரே மேத்தன் மணி இருக்கிறது. மணி அடிக்கும்போது அதிலுள்ள மனித முகம் வாயைத் திறக்கும். இரண்டு பக்கத்து ஆட்டுக்கடாக்களும் வந்து கன்னத்தில் முட்டும். பக்கத்தில் சுவாதித் திருநாள் மகாராஜா கட்டிய குதிரமாளிகை. அதன் கூரைக்கு அடியில் 122 மரக்குதிரைகள் வரிசையாக நிற்கின்றன. 2011-ல் கோயில் நிலவறைகளைத் திறந்தபோது குவியல் குவியலாகப் பொன் வெளிப்பட்டது. மிருகக்காட்சிசாலைக்குப் போனால் கம்பிக்குப் பின்னால் புலி.

அதே சுவாதித் திருநாள் ஆண்ட காலத்தில்தான் அய்யாவும் அந்நகருக்குப் போனார். வேடிக்கை பார்க்கப் போகவில்லை, கைதியாகக் கொண்டுபோகப்பட்டார். சிங்காரத்தோப்புச் சிறையில் வைத்து, சுண்ணாம்புக் காளவாயிலும் மிளகாய் வற்றல் புகையிலும் சோதித்தார்கள். பட்டினி போட்ட புலியின் கூண்டுக்குள்ளும் விட்டார்கள். கூண்டுக்கு வெளியே நின்ற அதிகாரிகளுக்கும் காவலர்களுக்கும் அன்று அய்யாவே ஒரு வேடிக்கை. அடுத்தவன் படும் பாட்டைத் தள்ளி நின்று பார்த்து, தனக்கு அதில் பங்கில்லை என்று நினைப்பதுதான் வேடிக்கை பார்ப்பதிலுள்ள குற்றம். கண்ணால் பார்ப்பது குற்றமல்ல.

இந்தக் குற்றம் கலிநீசன் ஆட்சியோடு போய்விட்டதா? அதே நகரில் தம்பானூர் ரயில் நிலையத்துக்கு அடியில் ஆமையிழஞ்சான் தோடு ஓடுகிறது. 2024 ஜூலையில் அதில் அடைத்துக் கிடந்த குப்பையை அள்ள இறங்கிய ஒரு தொழிலாளியை வெள்ளம் இழுத்துக்கொண்டு போனது. மூன்றாம் நாள்தான் உடல் கிடைத்தது. அந்தக் குப்பை ஊராரின் குப்பை. வருவோர் போவோர் வீசிய பையும் குப்பியும் அதில் சேர்ந்ததுதான். ஊர்வலத்துக்குப் போனவர் ஒருவர் ஒரு தண்ணீர்க் குப்பியை வீசியிருந்தாலும் அதில் அவருக்கும் பங்குண்டு. மணிக்கூண்டை அண்ணாந்து பார்க்கும் கண், காலுக்குக் கீழே ஓடையில் இறங்கி நிற்கும் மனிதனைப் பார்க்காவிட்டால் அந்தக் கண்ணால் என்ன பயன்?

நகரமே கலியின் கூடாரம், அங்கே எதையும் பார்க்கக் கூடாது என்று ஒதுக்குவதும் சரியல்ல. குதிரைகளைச் செதுக்கிய தச்சனின் கை வணங்கத்தக்கது. ஆனால் மாளிகைக்கு ராஜாவின் பெயர் நிலைத்தது. செதுக்கியவனை யார் நினைக்கிறார்கள்? பொன்னைப் பற்றிப் பேசும்போது, தலைவரி கொடுத்தே தேய்ந்த ஏழைகளையும் பேச வேண்டும். 1936-ல் ஆலயப் பிரவேச விளம்பரம் வரும்வரை அந்தக் கோயில் வாசலை மிதிக்க முடியாதவர்களாக நம் பாட்டன்மார் இருந்தார்கள் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லிக் காட்டினால் ஊர் சுற்றிப் பார்ப்பதும் ஒரு பாடமே.

அந்தக் காலத்தில் சாமிதோப்பில் இருந்தது ஒரு கிணறு. எல்லாச் சாதியாரும் ஒன்றாக இறைத்துக் குடித்து, ஒன்றாகக் குளித்த முத்திரிக் கிணறு. அதில் பொன்னும் இல்லை, பொறியும் இல்லை. ஒருவர் நிழல் மற்றவர்மேல் பட்டால் தீட்டு என்றிருந்த நாட்டில் அது நடந்ததே, அதுதான் அதிசயம். பார்த்தவன் வீடு திரும்பியதும் மறந்துபோவது வேடிக்கை. பார்த்தவன் நடத்தையை மாற்றுவது அதிசயம்.

பதியின் பள்ளியறையில் அய்யா நமக்குக் காட்டியிருப்பது கண்ணாடி. அதில் தெரிகிற உருவத்துக்குள் இறைவன் உண்டு என்று நம்புகிறவர், ஓடையில் இறங்கியவனுக்குள்ளும் நடைமேடையில் படுத்துக் கிடப்பவனுக்குள்ளும் அவனே உண்டு என்று நம்பித்தான் ஆக வேண்டும். நகரத்துக்குப் போகிறவர்கள் போய் வரட்டும், பிள்ளைகளுக்கு எல்லாவற்றையும் காட்டட்டும். கையிலுள்ள குப்பையை வீதியில் வீசாமல், பசித்தவர் ஒருவருக்காவது ஒருவேளைச் சோறு வாங்கிக் கொடுத்துத் திரும்பினால், அந்தப் பயணமும் அய்யாவுக்குச் செய்த பணிவிடையாகும்.

அய்யா உண்டு.