எந்திரம் சொன்ன பொய் யார் கணக்கில்?

வாடிப்பட்டியில் அரிசி வியாபாரம் செய்யும் அன்பர் ஒருவர் ஜும்ஆ முடிந்து வெளியே வருகையில் நம்மிடம் ஒரு சந்தேகம் கேட்டார். படித்த மகன் கடையின் வாட்ஸ்அப்பில் ஓர் 'ஏஐ ஏஜெண்ட்' வைத்திருக்கிறானாம். விலை கேட்பவருக்கு அதுவே பதில் சொல்லும், ஆர்டர் எடுக்கும், பில்லும் போடும். ஒருநாள் அது புது அரிசியைப் பழைய அரிசி என்று சொல்லி விற்றுவிட்டது. வாங்கியவர் கூடுதல் விலை கொடுத்துப் போய்விட்டார். புகார் ஏதும் இல்லை. "பொய் சொன்னது நானல்லவே ஹஜ்ரத், எந்திரம்தானே!" என்றார்.

இது ஒருவருடைய சந்தேகம் மட்டுமல்ல. தென்காசிப் பக்கம் அலுவலகம் வைத்துள்ள ஜோஹோ நிறுவனம் 2025இல் இத்தகைய ஏஜெண்டுகளை வெளியிட்டது. நாளை கடைக்குக் கடை இக்கேள்வி எழும்.

ஏராளமான எழுத்துக்களைப் படித்து, எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் பொருந்தும் என்று கணித்துப் பேசுவதே இவ்வெந்திரத்தின் வேலை. மெய், பொய் என்ற உணர்வு அதற்கில்லை. தெரியாததையும் தெரிந்தது போலச் சொல்லிவிடும்.

மார்க்கச் சட்டத்தில் 'வகாலத்' என்றொரு பாடமுண்டு. நம் காரியத்தைப் பிறரிடம் ஒப்படைக்கலாம். ஆனால் ஏற்பவருக்குப் புத்தி தெளிவாக இருக்க வேண்டும். பித்தரை வக்கீலாக்கினால் செல்லாது. அப்படியிருக்க, கேள்வி கணக்கே இல்லாத எந்திரம் எப்படி வக்கீலாகும்? அது தராசைப் போன்ற கருவியே. தராசு கோணினால் தராசா குற்றவாளி?

ஏர் கனடா விமான நிறுவனத்தின் எந்திரம் ஒரு பயணிக்குக் கட்டணச் சலுகை பற்றித் தவறான தகவல் தந்தது. அதன் சொல்லுக்கு அதுவே பொறுப்பு என்பது போல் நிறுவனம் வாதாடியது. 2024 பிப்ரவரியில் தீர்ப்பாயம் அதை ஏற்காமல், பயணிக்குப் பணம் கொடுக்கச் சொல்லிவிட்டது.

நமக்கோ இதற்கு முன்பே வழிகாட்டல் உண்டு. பெருமானார் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கைவிட்டபோது விரலில் ஈரம் பட்டது. மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. நனைத்தது அவரல்ல, மழைதான். ஆயினும் வாங்குவோர் காணும்படி அந்த ஈரத்தை மேலே வைக்காததை நபியவர்கள் கண்டித்தார்கள்.

எனவே அன்பரிடம் சொன்னோம்: "எந்திரம் செய்த தவறு மழை போன்றது. அது தெரிந்த பின்னும் மௌனமாக இருந்தால் அந்தப் பொய் உங்களுடையது. வாங்கியவரிடம் உண்மையைச் சொல்லுங்கள். அரிசியைத் திருப்பித் தர அவருக்கு உரிமையுண்டு. இருவரும் இசைந்து விலையைக் குறைத்துக் கொள்ளவும் செய்யலாம்."

எந்திரமே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. சரக்கின் விவரத்தை நீங்களே எழுதிக் கொடுங்கள். அதற்கு மேல் கேட்டால் முதலாளியைக் கேட்கச் சொல்லட்டும். பெரிய தொகை உங்கள் சம்மதமின்றி முடியக் கூடாது. அது பேசியதெல்லாம் பதிவாகட்டும். கடை அடைக்குமுன் பாருங்கள். கடனை எழுதி வைக்கப் பணிக்கும் வசனமே (2:282) திருமறையில் மிக நீளமானது என்பதை மறவாதீர்கள்.

அன்பர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "பில்லில் அவர் நம்பர் இருக்கிறது" என்று சொல்லிவிட்டுக் கடைக்கு நடந்தார்.

மறுமையில் எந்திரம் எழுப்பப்படாது; நாம்தான் நிற்போம். நேர்மையான வியாபாரத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.