ஆச்சு

ஆற்றிலிருந்து தெருவுக்கு ஏறும் வழி. எதிரே வருபவரின் தலை சொட்டுகிறது. தோளில் பிழிந்த வேட்டி.

"குளிச்சாச்சா?"

"ஆச்சு."

கேட்டவருக்குத் தெரியும். சொன்னவருக்கும் தெரியும்.


கேட்டது என் வாய்தான். கண் ஈரத்தைப் பார்த்தது, வாய் திறந்தது. நடுவில் ஒரு தீர்மானம் இருந்ததாகத் தெரியவில்லை.


உளவியலாளர் ஸ்கின்னர் 1957ல் 'வெர்பல் பிஹேவியர்' என்று ஒரு புத்தகம் எழுதினார். பேச்சும் ஒரு நடத்தை. பொருள் என்று உள்ளே எதையும் தேட வேண்டாம். எந்தச் சூழலில் ஒரு சொல் எழுகிறது, எழுந்தபின் என்ன கிடைக்கிறது. இது போதும் என்கிறார்.

போதுமா.

கன்னடியன் கால்வாய் நிறைந்து போகிறது.


குழந்தை "இங்கா" என்கிறது. பால் வருகிறது. சொல் தங்கிவிடுகிறது.

கிளையைக் காட்டி "காக்கா" என்கிறது. பால் வரவில்லை. "ஆமா, காக்கா" என்று ஒரு முகம் மலர்கிறது. அந்தச் சொல்லும் தங்கிவிடுகிறது.

கேட்டுப் பெறுவதற்கு மேண்ட் என்றும் கண்டு சொல்வதற்கு டேக்ட் என்றும் ஸ்கின்னர் பெயர் வைத்தார். பேச்சு வராத பிள்ளைகளுக்கான பயிற்சியில் இன்றும் இந்தப் பெயர்கள் புழங்குகின்றன. பிள்ளை பாதி வாயில் "தண்ணி" என்கிறது. உடனே டம்ளர் நீள்கிறது. அந்த அறையில் யாரும் தத்துவம் பேசுவதில்லை.


"போறேன்" என்கிறது குழந்தை. ஆச்சியின் முகம் சுருங்குகிறது.

மறுநாள், "போயிட்டு வாரேன்."


திண்ணையில் வேதம் ஓதிப் பழகும் சந்தை நடக்கிறது. தாத்தா ஒரு முறை, பேரன் இரு முறை. பொருள் சொல்லப்படுவதில்லை. ஏற்றமும் இறக்கமும் சரியாக விழுந்தால் தாத்தாவின் தலை அசைகிறது. விழாவிட்டால் அதே அடி, மறுபடியும்.

பையனின் கண் தெருவில் போகும் சைக்கிளில் இருக்கிறது. குரல் பிசகவில்லை.


அப்பளம் இடும் கூடம். உளுந்து மாவின் வாசனை. குழவி உருள உருள வட்டம் அகலுகிறது.

"என்ன குழம்பு?"

"புளிக்குழம்புதான்."

கை நிற்கவில்லை. பேச்சும் கையைப் போலப் பழகியது என்று எழுதுகிறேன். ஏதோ நெருடுகிறது. இருக்கட்டும்.


1960ஐ ஒட்டிய ஆண்டுகள். சென்னை மாநிலத்தில் ஆங்கிலம் தொடங்கிவைக்கும் ஆசிரியர்கள் 27,000 பேருக்கு மறுபயிற்சி கொடுக்க ஒரு திட்டம். பயிற்சி பெற்றவர் அடுத்தவருக்கு, அவர் அதற்கடுத்தவருக்கு. மெட்ராஸ் ஸ்நோபால் என்று பெயர். மார்கழியில்கூடப் பனி உருண்டையாகாத நாடு.

அதன் நம்பிக்கை: மொழி ஒரு பழக்கம். வாயில் படியும்வரை, வாக்கியம் வாக்கியமாக.

"திஸ் இஸ் எ புக்." வகுப்பு முழுதும் ஒரே குரல்.

"தட் இஸ் எ பென்." மறுபடி ஒரே குரல்.

அது புத்தகம் என்பதில் அங்கே யாருக்கும் ஐயம் இல்லை.


1959. 'லாங்குவேஜ்' இதழில் ஸ்கின்னரின் புத்தகத்துக்கு மொழியியலாளர் சாம்ஸ்கியின் மதிப்புரை, முப்பது பக்கத்துக்கு மேல். இதுவரை கேட்டிராத வாக்கியத்தைக் குழந்தை சொல்கிறது, பிறர் சொன்னால் புரிந்தும்கொள்கிறது. எந்தப் பரிசு அதைப் பழக்கியது?

வகுப்பறையில் குரல்கள் தொடர்கின்றன.


1979 முதல் 1984 வரை, பெங்களூரிலும் சென்னையிலும் சில பள்ளிகளில் என்.எஸ். பிரபு ஆங்கிலப் பாடத்தை வேறுவிதமாகச் செய்துபார்க்கிறார். ஒப்பிக்க வாக்கியம் இல்லை. ஒரு ரயில் அட்டவணை, ஒரு வரைபடம். பிள்ளைகளின் கவனம் ரயிலைப் பிடிப்பதில் இருக்கிறது. மொழி எப்படியோ உள்ளே வருகிறது.

எப்படியோ.


1934. ஹார்வர்டில் ஒரு விருந்து. இளைஞரான ஸ்கின்னருக்குப் பக்கத்தில் தத்துவ அறிஞர் வைட்ஹெட். இந்த மேசைமேல் கருந்தேள் எதுவும் விழவில்லை என்று இப்போது சொல்கிறேனே, இதை எப்படி விளக்குவாய் என்கிறார். மறுநாள் காலை ஸ்கின்னர் குறிப்பெடுக்கத் தொடங்குகிறார். புத்தகம் வர 23 ஆண்டுகள். அதன் கடைசியில் ஒரு யூகம் வைக்கிறார்: அந்தத் தேள் தன் கொள்கைதானோ.

இங்கே ஓட்டு வீடுகளில் தேள் விழும். விழாத இரவுகளில் யாரும் அதைச் சொல்வதில்லை.

பாம்பை இருட்டினபின் பூச்சி என்கிறார்கள். சொல் போதும். கால் தானாகக் கட்டில்மேல் ஏறிக்கொள்கிறது.


எண்ணமே ஒலியில்லாத பேச்சு என்றார் நடத்தையியலின் முன்னோடி வாட்சன்.

கண்ணை மூடுகிறேன். "ஆறு" என்று நினைக்கிறேன். நாக்கின் நுனி எழப் பார்க்கிறது. அதைப் பல்லுக்கடியில் பிடித்துக்கொள்கிறேன். மறுபடி ஆறு. இப்போது தொண்டையில், மிகச் சிறியதாக, ஏதோ.


1947. அமெரிக்காவில் ஸ்மித் என்ற மயக்கவியல் மருத்துவர் தன் உடலிலேயே தசைகளை முடக்கும் குராரே ஏற்றிக்கொள்கிறார். ஒவ்வொரு தசையாக அடங்குகிறது. மூச்சையும் மற்றவர்கள் நடத்துகிறார்கள். நாக்கு கிடக்கிறது, தொண்டை கிடக்கிறது.

நினைவு தெளிவாகவே இருந்தது என்று பிறகு சொல்கிறார்.

ஸ்கின்னர் ஹார்வர்டில் பேச்சைப் பற்றிச் சொற்பொழிவுகள் ஆற்றியதும் அதே ஆண்டில்.


சாரல். பொதிகை மலைப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை.

தோளில் ஈரம் முதலில் வந்ததா, "சாரல்" என்ற சொல்லா. அடுத்த துளிக்காகக் காத்திருக்கிறேன்.

காத்திருந்தால் சொல் முந்திக்கொள்கிறது.


பசி. யாரோ "சாப்பிட்டாச்சா?" என்கிறார்கள். "ஆச்சு." வயிற்றைக் கேட்காமலே வந்துவிட்ட பதில். வயிறும் ஒன்றும் சொல்லவில்லை.


இந்த நோட்டை யாரும் படிப்பதில்லை. எழுதுகிறவனே தனக்கு வாசகனும் ஆகிறான் என்பது ஸ்கின்னரின் பதில்.

ஒரு வரி எழுதி அடிக்கிறேன். யாரும் முகம் சுருக்கவில்லை. வேறு மாதிரி எழுதிப் பார்க்கிறேன். அதையும் அடிக்கிறேன்.

முதலில் அடித்ததே தேவலை என்று தோன்றுகிறது.