அழகா, விரயமா?

நெய்வேலி நகரியத்தில் ஒரே வகைக் குவார்ட்டர்ஸ்கள் அச்சில் வார்த்தவை போல ஒன்றுபோலவே இருக்கும். அதனால்தானோ என்னவோ, உள்ளே நுழைந்தால் வீட்டுக்கு வீடு விதவிதமான அலங்காரம். அடுப்படிச் சுவரில் பெரிய பெரிய பூக்கள் அச்சிட்ட ஸ்டிக்கர். குளியலறையில் மீன் படம் போட்ட டைல்ஸ். கதவு முழுக்கச் செம்பருத்தி பூத்த பிரிட்ஜ். இவையெல்லாம் மார்க்கத்தில் ஆகுமா என்று கேட்போர் உண்டு.

அழகை மார்க்கம் வெறுக்கவில்லை. அல்லாஹ் அழகை நேசிப்பவன் என்பது நபிமொழி. கிரானடாவின் அல்ஹம்ரா மாளிகைச் சுவர்களை வண்ண ஓடுகளால் அழகுபடுத்தியவர்கள் முஸ்லிம்களே. நாளெல்லாம் அடுப்படியில் நிற்கும் பெண், கண்ணெதிரே நாலு பூ இருக்கட்டும் என்று ஆசைப்பட்டால் அதை ஆடம்பரம் என்று ஏசுவது நியாயமன்று.

ஆயினும் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. உயிரினங்களின் உருவங்களைச் சுவரில் வைப்பதை இமாம்களில் பெரும்பாலோர் தடுத்துள்ளார்கள். மீனை விட்டுப் பூவைத் தேர்ந்தெடுப்போம். அடுத்தது தொழும் இடம். தொழுகையில் கவனத்தை இழுத்தது என்பதற்காக, வேலைப்பாடு செய்த ஓர் ஆடையை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அபூஜஹ்ம் (ரலி) அவர்களிடமே திருப்பியனுப்பிவிட்டு, வேலைப்பாடற்ற ஆடையைக் கேட்டு வாங்கினார்கள். சிறிய வீட்டில் தொழுகைப் பாயின் முன்னுள்ள சுவராவது வெறுமையாக இருக்கட்டும்.

இவற்றைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பிரிட்ஜை, அதன் பூ பழைய மாதிரி ஆகிவிட்டது என்பதற்காகத் தள்ளிவிட்டு, வட்டித் தவணையில் புதியது வாங்குகிறோமே, அதற்கு என்ன பதில் சொல்லப் போகிறோம்?

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வீட்டில் உருவங்கள் கொண்ட திரை ஒன்று தொங்கியது. நபியவர்கள் அதை விரும்பவில்லை. அன்னையார் உடனே அதை எடுத்துவிட்டார்கள், ஆனால் வீசிவிடவில்லை. வெட்டித் தலையணைகளாகத் தைத்துக்கொண்டார்கள். கூடாத அலங்காரம் இருந்த துணியே வீணாகவில்லை என்றால், ஒரு குற்றமும் இல்லாத பொருளை வீணாக்க நமக்கு ஏது அனுமதி?

நெய்வேலியின் முதல் அனல் மின் நிலையம் 1962-இல் மின்சாரம் தரத் தொடங்கியது; 2020-இல்தான் ஓய்வு பெற்றது. ஏறத்தாழ 58 ஆண்டுகள்! அந்த ஊரில் இருந்துகொண்டு, ஐந்தாண்டு உழைத்த பொருளைப் பழசு என்கிறோம்.

வாங்கும் நேரம் வந்தால் பூப்போட்டதையே வாங்குங்கள், கைப்பணத்தில் வாங்குங்கள். பழையது ஓடுமானால், பிரிட்ஜ் இல்லாத உறவினருக்குக் கொடுத்துவிடுங்கள். குவார்ட்டர்ஸோ நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். பணி ஓய்வன்று சாவியைத் திருப்பித் தந்தாக வேண்டும். சுவரில் ஒட்டிய பூ அங்கேயே நின்றுவிடும். அதற்குச் செலவழித்த பொருளின் கணக்கு மட்டும் நம்மோடு வரும்.

அளவறிந்து வாழும் நல்லருளை அல்லாஹ் நம் அனைவருக்கும் தருவானாக! ஆமீன்.